பேர் வாங்கப் போறீங்களா?

ஃபைனல் இயர் வந்துட்டா ரெஸ்யூம்ல கிட்ஹப் லிங்குக்குக் கீழே சொந்தமா ஒரு வெப்சைட்டும் இருக்கணும்னு ஆசை வரும். சைட் கட்டுறது ரெண்டு நாள் வேலை. அதுக்குப் பேர் வைக்கிறதுதான் பெரிய வேலை.

சொந்த டொமைன் எதுக்கு? காலேஜ் மெயில் ஐடி படிப்போட முடிஞ்சிடும். இலவச சைட்ல நம்ம பேரோட அந்த கம்பெனி பேரும் ஒட்டிக்கிட்டே வரும். சொந்த டொமைன் இருந்தா ஹோஸ்டிங்கை எத்தனை தடவை மாத்தினாலும் டிஎன்எஸ் ரெக்கார்டை மட்டும் மாத்தினா போதும். முகவரி அப்படியே இருக்கும்.

முதல் டெஸ்ட் காதுக்கு. போன்ல ஒரு தடவை சொன்னா எதிர்ல இருக்கிறவர் சரியா டைப் பண்ணணும். இங்கேதான் நமக்குச் சிக்கல். என் பேர்ல ஒரு 'ழ' இருக்கு. நான் 'இசட் எச்' போடுவேன், பாட்டி வீட்டு ரேஷன் கார்டுல வெறும் 'எல்'. தமிழ் தெரியாத ஹெச்ஆர் 'இசட்' மட்டும் போடுவார். உங்க பேரும் இப்படின்னா, சர்டிஃபிகேட்ல இருக்கிற ஸ்பெல்லிங்கையே எடுத்துக்குங்க. ஹைஃபன் வேண்டாம். "நடுவுல டேஷ் போடுங்க"ன்னு ஆயுசு முழுக்க சொல்லிட்டு இருக்க முடியாது.

அப்போ தமிழ்லயே வாங்கினா என்ன? வாங்கலாம். 'டாட் இந்தியா' தமிழ் எழுத்துலயே இருக்கு. ஆனா டிஎன்எஸ்-க்கு உள்ளே அது ப்யூனிகோடா மாறி, 'எக்ஸ் என்' ரெண்டு ஹைஃபன்னு ஆரம்பிக்கும் புரியாத எழுத்து வரிசையாத்தான் போகும். பிரவுசர்ல தமிழ்ல தெரிஞ்சாலும், காப்பி பண்ணி ஒட்டுற சில இடங்கள்ல அந்த வரிசைதான் வரும். ரெஸ்யூமுக்கு ஒத்துவராது. மனசுக்கு மட்டும் பிடிச்சிருக்கு.

அடுத்தது இனிஷியல். வெறும் பேர் மட்டும் பெரும்பாலும் கிடைக்காது, யாரோ முன்னாடியே எடுத்திருப்பாங்க. இனிஷியல் சேர்த்தா கிடைக்கும். ஆனா நாம வழக்கமா வைக்கிற புள்ளியை வைக்க முடியாது. டொமைன்ல புள்ளின்னா அடுத்த படிநிலைன்னு அர்த்தம். சேர்த்துத்தான் எழுதணும்.

நான் அப்படித் தேடிட்டு இருந்தப்போ அக்கா கேட்டா, "கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியல் மாறினா என்னடி பண்ணுவ?" பசங்க யாருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்காது. எங்க வீட்ல அம்மா, சித்தி எல்லாருக்கும் மாறியிருக்கு. அம்மாவோட பத்தாவது மார்க் ஷீட்ல ஒரு இனிஷியல், ஆதார்ல வேற. ரெண்டும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்க அம்மா அலைஞ்சதை நான் பார்த்திருக்கேன். ரெண்டு நாள் யோசிச்சுட்டு அப்பா இனிஷியலோடவே வாங்கினேன். இந்தப் பேர்லதான் படிச்சேன், இந்தப் பேர்லதான் வேலைக்கும் போவேன். யாருக்காகவும் இதை மாத்துறதா இல்லை.

கடைசியில வர்ற 'டாட்' பகுதிக்கும் கொஞ்சம் யோசிங்க. ரெண்டெழுத்தா இருந்தா அது ஒரு நாட்டுக்கோ பகுதிக்கோ உரியது. 'டாட் ஏஐ' அங்குவிலா தீவோடது. யூகோஸ்லாவியா உடைஞ்ச பிறகு அதோட 'டாட் ஒய்யூ' 2010-ல ஒரேயடியா நிறுத்தப்பட்டது. நமக்கு 'டாட் இன்', 'டாட் காம்' போதும். பேருக்குப் பின்னாடி 'கோட்ஸ்', 'டெவ்'னு சேர்க்காதீங்க. அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க பேக்கரி வச்சிருக்கலாம்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி ரின்யூவல் விலையைப் பாருங்க. முதல் வருஷ ஆஃபரை நம்பாதீங்க, அடுத்த வருஷம் பல மடங்கு ஆகலாம். டொமைனை யாரும் சொந்தமா வாங்குறதில்லை, வாடகைக்குத்தான் எடுக்கிறோம். பெரும்பாலும் ஒரே தடவையில அதிகபட்சம் 10 வருஷம். கட்டாம விட்டா வேற யாரும் எடுத்துக்கலாம். அதனால ரிஜிஸ்ட்ரார் அக்கவுண்டுக்குக் காலேஜ் மெயிலைக் கொடுக்காதீங்க. மெயில் மூடினதும் ரின்யூவல் ஞாபகப்படுத்துற தகவலும் அதோட போயிடும்.