மைனர் டிகிரி யாருக்கு?

பொறியியல் மூன்றாம் ஆண்டுக்குப் போகும் நம் பிள்ளைகள் சிலர் எங்களிடம் கேட்கிறார்கள்: "மைனர் டிகிரி எடுக்கலாமா?" எடுங்கள் என்றே சொல்லிவருகிறோம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி, தன் துறைக்கு வெளியே ஒரு பிரிவில் கூடுதலாக 18 கிரெடிட் பெற்றால் பி.ஈ. பட்டத்தோடு மைனரும் சேரும். மூன்று கிரெடிட் வீதம் ஆறு தாள். இடையில் விட்டுவிட்டாலும் பி.ஈ. பட்டம் கையைவிட்டுப் போகாது. தொழில்முனைவு, நிதித் தொழில்நுட்பம் போன்ற பிரிவுகளோடு பொது நிர்வாகமும் அதில் உண்டு. அந்தப் பிரிவில் இந்திய அரசியலமைப்பு ஒரு தாள். சிவில் படிக்கும் நம் பிள்ளை கட்டடம் கட்டக் கற்கும்போதே, அந்தக் கட்டடத்துக்கான நிதியை யார் ஒதுக்குகிறார்கள், எந்தச் சட்டப்படி ஒதுக்குகிறார்கள் என்பதையும் கற்கலாம்.

இதில் நமக்கு முன்னோடி அண்ணல்தான். 1913இல் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையோடு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவரது முதன்மைப் பாடம் பொருளாதாரம். அதோடு சமூகவியல், வரலாறு, தத்துவம், மானிடவியல் வகுப்புகளிலும் உட்கார்ந்தார். 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை அவர் வாசித்தது 1916 மே மாதம், கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில். பொருளாதாரம் மட்டும் போதும் என்று அவர் ஒதுங்கியிருந்தால் அந்தக் கட்டுரை அங்கே பிறந்திருக்காது.

ஆனால் விருப்பம் மட்டும் போதாது என்பதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். கூடுதல் வகுப்பை மாலையில் வைத்தால் ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்து போய்விடுகிறது. பகுதிநேர வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அன்றைய கூலி போகிறது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கட்டாயக் கட்டணங்களுக்கானது. விரும்பி எடுக்கும் தாளின் கட்டணம் அதில் வருமா என்று கேட்டால், அலுவலகத்தில் ஆளுக்கொரு பதில். அப்பா கட்டட வேலைக்குப் போகும் வீட்டில் அந்தக் கட்டணமும் ஒரு வாரச் சாப்பாட்டுக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்கப்படும்.

இதற்கு மேல் வாய்ச்சொல் வேறு. "உங்களுக்கு எதுக்கு இதெல்லாம், அரியர் இல்லாம வெளிய போனா போதாதா?" நாலைந்து அரியர் வைத்திருப்பவர் முதலில் அதை முடிக்கட்டும் என்று நாங்களும் சொல்கிறோம். ஆனால் ஒரு அரியரும் இல்லாத பிள்ளையிடம் ஒரு கல்லூரியில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் அக்கறையா? ஒரு பாடமே இவர்களுக்கு அதிகம் என்ற பழைய நினைப்புதான் அது.

மைனர் இருந்தால் வேலை உறுதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பார்வை விரியும், போட்டித் தேர்வுக்கும் கொஞ்சம் கைகொடுக்கும். அவ்வளவே போதும், எடுப்பதற்கு.

நாம் கேட்பது மூன்று. மைனர் தாள்களுக்கான கட்டணம் அனைத்தையும் உதவித்தொகையில் சேர்த்து அரசு எழுத்துப்பூர்வமாக அறிவிக்க வேண்டும். வகுப்புகளைக் கல்லூரி நேரத்துக்குள் வைக்க வேண்டும். யார் மைனர் எடுக்கிறார்கள், யார் பாதியில் விடுகிறார்கள் என்பதைச் சமூகவாரியாக ஒவ்வொரு கல்லூரியும் வெளியிட வேண்டும். ஐந்தாம் செமஸ்டர் தொடங்கும் முன் உங்கள் துறைத் தலைவரிடம் பிரிவுகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் எங்களிடம் சொல்லுங்கள், சேர்ந்தே போய்க் கேட்போம்.

ஜெய்பீம்.