வண்டி ஏன் கொதித்தது?

காங்கேசன்துறை வீதியிலே, மல்லாகச் சந்திக்குச் சிறிது இப்பால், சென்ற ஆண்டு பங்குனி மாதத்து முற்பகல் ஒன்றில் எமது பழைய வண்டி நின்றுவிட்டது. நின்றது என்பதைவிட, முன்மூடியின் இடுக்குகளிலெல்லாம் ஆவியைக் கக்கிக்கொண்டு, இனி ஓரடியும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது என்பதே பொருந்தும். சைக்கிளில் எம்மைக் கடந்து சென்ற ஒருவர், "மாஸ்டர், தேத்தண்ணி வைக்கலாம் போல கிடக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். எமது பழைய மாணாக்கருள் ஒருவராக இருக்க வேண்டும். ஆசிரியரின் இக்கட்டைக் கண்டு மகிழும் உரிமை அவர்களுக்கு உண்டு.

கைக்குட்டையை மடித்துப் பிடித்துக்கொண்டு, றேடியேற்றரின் மூடியைத் திருகக் கையை நீட்டினோம். அருகாசனத்தில் எம் தந்தையார் இருந்தார். எண்பத்தைந்து வயது. நாளொன்றுக்கு நாலு சொல் பேசினாலே அதிகம். அவர் அன்று வீதியே திரும்பிப் பார்க்கும்படியாக, "தொடாதை!" என்று கத்தினார்.

அந்த ஒரு சொல் எம் முகத்தைக் காத்தது. திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகையிற் கொதிக்கும். றேடியேற்றரின் மூடியோ ஒரு சதுர அங்குலத்துக்கு ஏழு இறாத்தல் அமுக்கத்தை உள்ளே தேக்கி வைப்பது. அவ்வமுக்கத்தில் நீர் ஏறத்தாழ 111 பாகை வரையும் கொதியாமல் நிற்கும். மூடியைத் திறந்த கணத்திலே அமுக்கம் அகல, உள்ளிருக்கும் நீரில் ஒரு பகுதி சட்டென ஆவியாகிப் பாயும். இதனை வகுப்பிலே ஆண்டுதோறும் விளக்குகின்ற எமக்கே கை நீண்டுவிட்டது.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு மொரிஸ் மைனர் பிக்கப். 1953 முதல் எழுபதுகளின் தொடக்கம் வரை இங்கிலாந்தில் இவ்வகை வண்டிகள் செய்யப்பட்டன. எமது வண்டி 1962க்குப் பிந்தியது. 1098 கன சென்ரிமீற்றர் இயந்திரம். ஓட்டுபவரின் முன்னே வேகத்தையும் பெற்றோலின் அளவையும் காட்டும் ஒரே வட்டந்தான் உண்டு. வெப்பத்தைக் காட்டும் முள் இல்லை. ஆகவே இயந்திரத்துக்குக் காய்ச்சல் என்பதை ஆவி வந்து சொன்னால்தான் அறியலாம்.

எழுபதுகளில் தந்தையார் அதனை இரண்டாங் கையாக வாங்கினார். வெங்காயம், புகையிலை, வாழைக்குலை என்று சுன்னாகச் சந்தைக்கு ஏற்றினார். 1990 ஆனியில் வலிகாமம் வடக்கு முழுதும் இடம்பெயர்ந்தபோது அம்மம்மாவையும், இரண்டு நெல் மூடைகளையும், பத்து வயதுச் சிறுவனாகிய எம்மையும் ஏற்றிக்கொண்டு தெற்கு நோக்கி வந்தது இதுவே. பின்னர் குடாநாட்டுக்குள் பெற்றோல் வரத் தடையிருந்த காலத்தில், சில துளி பெற்றோலைக் காபுறேற்றருக்குள் விட்டு உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். யாழ்ப்பாணத்துத் தெருக்கள் குப்பி விளக்கு மணத்துக் கிடந்த காலம் அது. யுத்தம் முடிந்து, காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டு, எமது வளவும் எம் கைக்கு வந்தபோது, வீடு கட்டும் கல்லையும் மணலையும் சிறிது சிறிதாகச் சுமந்ததும் இந்த வண்டியே. கிணறு மட்டும் இடிபடாமல் இருந்தது. அந்தக் கிணற்றைப் பின்னர் நினைவுகூர வேண்டி வரும்.

கட்டியிழுத்துக் கொண்டுபோய் ஒரு கராஜில் விட்டோம். அங்கிருந்தவர் மூடியைத் திறந்து பார்த்து, ஹெட் காஸ்கெற் போய்விட்டது, இயந்திரம் முழுவதையும் கழற்ற வேண்டும் என்று, எமது இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டும் ஒரு தொகையைச் சொன்னார். அதே கிழமையிற் கொழும்பிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பழைய வண்டிகளைச் சேர்ப்பவராம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். மனைவியாரும் நாமும் இரவிலே கணக்குப் பார்த்தோம். மகளுக்கு அடுத்த ஆண்டு உயர்தரப் பரீட்சை, செலவு உண்டு. விற்றுவிடுவது என்றே முடிவு செய்தோம். தந்தையாரிடம் சொன்னபோது அவர், "உன்ரை விருப்பம், தம்பி" என்றார். அதன் பின் அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

இந்நிலையில் எமது ஊருக்கு அயலிலுள்ள முதியவர் ஒருவரைத் தேடிப் போனோம். கைநடுக்கத்தினால் ஆயுதம் பிடிப்பதை விட்டுவிட்டவர். தந்தையாரை நன்கு அறிந்தவர். வண்டியை வந்து பார்க்கும்படி கேட்டோம். அவர் எழும்பவுமில்லை, பாயிலிருந்தபடியே ஒரு கேள்வி கேட்டார். "மாஸ்டர், வண்டி நிண்டால் கொதிக்குதோ, ஓடினால் கொதிக்குதோ?"

நாம் விழித்தோம். அதை எவரும் கேட்கவில்லை. நாமும் எண்ணிப் பார்க்கவில்லை.

அவர் விளக்கியது இது. வண்டி நிற்கையில் றேடியேற்றருக்குக் காற்றைத் தருவது காற்றாடி மட்டுமே. ஓடும்போது எதிர்காற்றே போதும். நிற்கையிற் கொதித்து, ஓடுகையில் ஆறுமானால், காற்றாடியையும் அதன் பெல்ற்றையும் பார்க்க வேண்டும். நிற்கையில் ஒன்றுமின்றி, ஓடுகையிற் கொதிக்குமானால், இயந்திரம் உண்டாக்கும் பெருவெப்பத்தை நீர் கொண்டுபோய்க் கொட்ட முடியவில்லை என்று பொருள். காலையிற் குளிர்ந்த இயந்திரத்தை உயிர்ப்பித்த உடனேயே நீர் பொங்கி எறிந்தாலோ, மூடியைத் திறந்து வைத்துப் பார்க்கையில் இடைவிடாது குமிழி வந்தாலோ, எண்ணெய் பால்போல் வெளுத்தாலோதான் ஹெட் காஸ்கெற்றைச் சந்தேகிக்கலாம்.

வீட்டுக்கு வந்து மாமரத்தின் கீழ் வண்டியை அரைமணி நேரம் நிறுத்தியபடியே ஓடவிட்டோம். கொதிக்கவில்லை. குமிழியில்லை, எண்ணெயும் தன் நிறத்திலேயே இருந்தது. கராஜுக்காரரின் தீர்ப்பு இவ்வாறு மாமரத்தடியிலே தள்ளுபடியாயிற்று. கொழும்புக்காரருக்கு, ஒரு மாதம் பொறுக்கும்படி செய்தி அனுப்பினோம்.

அடுத்து தேமோஸ்ரற். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது நீரை றேடியேற்றருக்குச் செல்லவிடாது அடைத்து, சூடேறியதும் தானே திறக்கும் சிறு வாயில் அது. திறவாமல் இறுகிவிட்டால் எந்த வண்டியும் கொதிக்கும். மனைவியார் பருப்பு அவிக்கும் பானையில் நீரூற்றி, அதனை நூலிற் கட்டித் தொங்கவிட்டு, கல்லூரி ஆய்வுகூடத்திலிருந்து கொண்டுவந்த வெப்பமானியையும் நாட்டி, அடுப்பில் வைத்தோம். 82 பாகையை அணுகும்போது வாயில் மெல்லத் திறந்தது. பழுதில்லை. அந்தப் பானை இப்போது எமக்கே சொந்தம். அடுக்களைக்குள் அதற்கு இடமில்லை என்று கட்டளை.

பெரியவரிடம் மறுபடி போனோம். தீப்பொறி பிந்துகிறதோ என்று பார்க்கச் சொன்னார். பெற்றோலும் காற்றும் எரிய வேண்டிய நேரத்துக்குப் பிந்தி எரிந்தால், வேலையாக வேண்டிய வெப்பம் சுவரிலும் புகைக்குழாயிலும் ஏறும். டிஸ்றிபியூட்டரின் அடியைத் துடைத்துப் பார்த்தபோது, அரத்தினாற் கீறிய இரண்டு கோடுகள் தெரிந்தன. தந்தையாரைக் கொண்டுவந்து காட்டினோம். கண் மங்கியவர், விரலினால் தடவிப் பார்த்து, "இது பெற்றோலுக்கு. மற்றது மண்ணெண்ணெய்க்கு" என்றார். மண்ணெண்ணெயில் ஓடும்போது இயந்திரம் இடிக்குமாதலால் தீப்பொறியைப் பிந்த வைப்பார்களாம். அதற்கென ஒரு கோடு. அண்மையில் யாரோ பழுதுபார்த்துப் பூட்டியபோது, எந்தக் கோடு எதற்கென்று அறியாமல், யுத்தகாலத்துக் கோட்டிலேயே பொருத்திவிட்டார்கள். நாம் பக்கத்தில் நின்றுதான் கூலி கொடுத்திருப்போம்.

அதைத் திருத்தியபின் வண்டி உற்சாகமாக இழுத்தது. மல்லாகத்தைத் தாண்டிற்று. சுன்னாகத்திற் கொதித்தது.

இரண்டு மைல் வெற்றி என்று கொள்ளலாம். ஆனால் நோய் தீரவில்லை. அன்று மாலை, வண்டி சூடாக இருக்கும்போதே றேடியேற்றரின் முகத்தைக் கையால் மெல்லத் தொட்டுப் பார்த்தோம். இயந்திரத்தை நிறுத்தி, காற்றாடி நின்ற பின்னரே அப்படிச் செய்யலாம் என்பதை மாணவர்கள் கவனிக்க. ஓரங்கள் சுட்டன, நடுவிலும் கீழிலும் உள்ளங்கையளவு திட்டுகள் குளிர்ந்து கிடந்தன. நீர் ஓடாத இடம் சூடாவதில்லை. குழாய்கள் அடைபட்டிருந்தன. பின்பு இயந்திரத்தின் பின்பக்கத்தில் நீரை வடிக்கும் குழாயைத் திறந்தோம். ஒரு துளியும் வரவில்லை. கம்பியொன்றைச் செலுத்திக் குடைந்தபோது செங்காவிச் சேறும், அதன் பின்னே நீரும், நீரோடு வெள்ளைப் பொருக்குகளும் விழுந்தன.

மகள் ஒரு பொருக்கை எடுத்துப் பார்த்து, "அப்பா, இது எங்கடை கேத்திலுக்குள்ளை இருக்கிறதுதானே?" என்றாள்.

நாம் இரசாயனம் படிப்பிக்கிறவர். நீரின் தற்காலிக வன்மை என்ற பாடத்தை இருபது ஆண்டுகளாக, அதே கேத்திலை உதாரணமாகக் காட்டிப் படிப்பித்து வந்திருக்கிறோம். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை நிலத்துட் புகுந்து, வழியிற் காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு, சுண்ணாம்புக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கிணறுகளுக்கு வருகிறது. கரைந்தது கல்சியம் இருகாபனேற்று. சூடாக்கினால் அது மறுபடி கல்சியம் காபனேற்றாகி, அதாவது கல்லாகி, பாத்திரத்தின் உட்சுவரிற் படியும். 1950 முதல் 1990 வரை காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை அகழ்ந்தெடுத்து, முருங்கன் களிமண்ணோடு சேர்த்துச் சூளையிலிட்டதும் இந்தக் கல்லைத்தான். நாமோ அகழாமலே எமது இயந்திரத்துக்குள் ஒரு சுரங்கம் வைத்திருந்தோம்.

மூடிய இயந்திரத்தில் ஒருமுறை ஊற்றிய நீர் பெருங் கேடு செய்யாது. அதிலுள்ள சுண்ணாம்பு கொஞ்சமே. ஆனால் எமது வண்டியின் நீர்ப்பம்பிலே நெடுநாளாக ஒரு கசிவு இருந்தது. திருத்துவதற்குச் சோம்பி, வாரந்தோறும் இரண்டு லீற்றர் கிணற்று நீரை விட்டு நிரப்பி வந்தோம். மகள் கணக்குப் போட்டாள். ஆய்வுகூடத்தில் அளந்தபோது எமது கிணற்று நீரின் வன்மை லீற்றருக்கு 320 மில்லிகிராம். ஆண்டுக்கு 104 லீற்றர், ஆறு ஆண்டுகள். அவ்வளவும் படிந்ததென்று கொண்டால் இருநூறு கிராம் கல். அது வார்ப்பிரும்பு கடத்துகின்ற வெப்பத்திற் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கடத்தாது. போதாதற்குக் கடலோரக் கிணறு, சிறிது உவர். இரும்பை அரிக்கும். 2022இல் பெற்றோல் இல்லாமல் வண்டி மாதக்கணக்கில் அசையாது நின்றபோது அத்துருவும் சேர்ந்து அடியில் இறுகியிருக்கும்.

ஏன் ஆறு ஆண்டுகள்? ஆறு ஆண்டுகளுக்கு முன்னர்தான் தந்தையார் ஓட்டுவதை நிறுத்தினார். அவர் ஓட்டிய காலமெல்லாம் தாழ்வாரத்தின் கீழ் ஒரு கலன் இருக்கும். மாரியிற் பீலி வழியே விழும் நீரைத் துணியில் வடித்து அதில் நிரப்புவார். வண்டிக்கு அந்த நீர் மட்டுமே. இடம்பெயர்ந்து இருந்த வீடுகளிலும் அந்தக் கலன் எம்மோடு வந்தது. பழங்காலத்து நேர்த்தி என்று நாம் நகைத்ததுண்டு. வண்டி எம் கைக்கு வந்ததும், இடத்தை அடைக்கிறதென்று கலனைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்ததும் நாமே.

இதைத் தந்தையாரிடம் சொல்வதா, விடுவதா என்று இரண்டு நாள் தயங்கினோம். சொன்னோம். அவர், "கலனுக்கு என்ன தந்தவன்?" என்று மட்டும் கேட்டார்.

துப்புரவு ஒரு கிழமை எடுத்தது. ஐதரோக்குளோரிக்கமிலத்தை விட்டால் ஒரு மணியில் முடிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். முடிந்துவிடும், பித்தளைக் குழாய்களின் ஈயப் பற்றும் அதனோடு முடியலாம். சித்திரிக்கமிலத்தைக் கரைத்து ஊற்றி, இயந்திரத்தை மிதமாகச் சூடாக்கி, நுரைத்து அடங்கியபின் வடித்து, அப்பச்சோடாக் கரைசலாற் கழுவி, மறுபடியும் அப்படியே செய்தோம். றேடியேற்றரைக் கழற்றித் தலைகீழாக வைத்து, வழக்கமாக ஓடும் திசைக்கு எதிராக நீரைப் பாய்ச்சினோம். முற்றம் முழுவதும் காவிநிறமாயிற்று. பம்பு திருத்தப்பட்டது. முன்பு நாலு லீற்றரோடு வழிந்த வண்டி, இப்போது புத்தகத்திற் சொன்னபடி ஏறக்குறைய ஐந்து லீற்றர் குடித்தது. ஊற்றியது மழைநீரும், துருத்தடுக்கும் மருந்து சேர்ந்த கிளைக்கோலும். மழைநீர் மட்டும் போதும் என்பது தந்தையாரின் கட்சி. மென்னீரும் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பது எமது கட்சி. இவ்வொன்றில் நாம் விட்டுக்கொடுக்கவில்லை.

சித்திரை பிறந்த மறுநாள் தந்தையாரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். தெல்லிப்பழை போயிற்று. மல்லாகம் போயிற்று. சுன்னாகச் சந்தியைத் தாண்டியதும் அவர், "நிப்பாட்டு" என்றார். நிறுத்தினோம். இறங்குவதற்கு நேரம் பிடித்தது. எம் தோளைப் பற்றிக்கொண்டு முன்னே வந்தார். முன்மூடியைத் தூக்கச் சொன்னார். மேற்குழாயிலே இரண்டு விரல்களை வைத்து, மனத்துக்குள் ஏதோ எண்ணுபவர்போல நின்றார்.

"சரி," என்றார். "மருதனார்மடம் மட்டும் விடு. அதிலை ஒருக்காப் பார்ப்பம்."