குளிர்க்கடலில் ஒரு சாய்மனைக் கதிரை

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பர் நம் முன்னோர். கடலிலே செலவிடும் பணத்துக்கும் அம்மூதுரை பொருந்தும் என்பதனை 2023ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் நாம் நன்கு உணர்ந்தோம்.

கனடாவில் வாழும் எம் மகளின் அழைப்பை ஏற்று, வன்கூவர் துறைமுகத்திலிருந்து அலாஸ்காவுக்கு ஏழு நாட் கப்பற் பிரயாணம் மேற்கொண்டோம். நாம் இருவர், மகள், 75 வயதை எட்டிய அன்னையார் என நால்வர். கப்பலின் மேற்றளத்துப் பின்புறத்திலே, வளர்ந்தோர்க்கு மட்டுமென ஒதுக்கிய திறந்தவெளி ஓய்விடம் ஒன்று இருந்தது. மெத்தையிட்ட சாய்மனைக் கதிரை, துணிப்பந்தல், பரிசாரகர் கொணரும் சிற்றுண்டி ஆகிய யாவும் அங்குண்டு. ஆயின், பிரயாணக் கட்டணத்துக்கு மேலாக ஆளுக்கொரு கட்டணம் நாள்தோறும் செலுத்தல் வேண்டும். நால்வருக்கு ஏழு நாளென்றால் 28 கட்டணங்கள்!

வெப்பக் கடல்களில் இத்தகைய இடத்தின் பெருமை நிழலே. அலாஸ்காவில் நிழலை விலைகொடுத்து வாங்குவார் யார்? கோடையிலும் அக்கரையோரத்தின் பகல் வெப்பம் பெரும்பாலும் 10 முதல் 18 பாகை செல்சியஸ் அளவினதே. நுவரெலியாவின் குளிர்ந்த காலைப்பொழுதை நினைத்துக்கொள்ளலாம். வழியிலுள்ள கெச்சிக்கன் பட்டினத்திலோ ஆண்டுக்கு ஏறத்தாழ 150 அங்குலம் மழை பொழிகின்றது. இவற்றுக்கு மேலாக, கப்பல் தானே காற்றை உண்டாக்குகின்றது. காற்றசையாத வேளையிலும், மணிக்கு 18 கடல் மைல் வேகத்தில் அது செல்லுமாயின், தளத்தில் நிற்போர்மீது மணிக்கு 33 கிலோமீற்றர் வேகத்தில் காற்று மோதும். அன்றியும், கெச்சிக்கன், ஜூனோ, ஸ்காக்வே ஆகிய மூன்று துறைகளில் கப்பல் தங்கும் நாட்களில் யாவரும் கரையிறங்கிவிடுவர். வெறுங் கதிரைக்குப் பணம் கொடுப்பதா?

வேண்டாமென்றே முடிவு செய்ய இருந்தோம். ஆயின் அன்னையாரின் முழங்கால் நோய் எம்மைச் சிந்திக்க வைத்தது. பனிக்கட்டியாறுகளைக் காணும் நாளன்று மேற்றளத்தின் கம்பியோரமெங்கும் சனம் நெருங்கி நிற்கும். அரைமணி நேரமேனும் அவரால் நிற்க இயலாது. உள்ளே கண்ணாடியோரம் இருத்தலாமே என்றாள் மகள்.

"கண்ணாடிக்குள்ளாலே பார்க்கிறதெண்டால் ஊரிலேயிருந்து படத்திலே பார்த்திருக்கலாம், தம்பி. அந்தப் பனி உடையிற சத்தத்தை ஒருக்காக் கேட்க வேணும்" என்றார் அன்னையார்.

உடனே பரிசாரகரை அணுகி, ஒரு நாளுக்கு மட்டும் இடம் கிடைக்குமா, கம்பளிப் போர்வை தருவீர்களா என வினவினோம். இரண்டுக்கும் ஆம் என்றார். காற்றைப் பற்றி அவரிடம் கேளாமல், அன்று மாலை கப்பல் விரைந்து செல்லும்போது நாமே மேலேறி ஒரு கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தோம். முற்புறத்தில் அது கையைவிட்டுப் பறக்க முயன்றது. ஓய்விடத்தின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னே தளர்ந்து தொங்கியது. ஒரு நாளுக்கு, இரண்டு கதிரைகள் எனத் தீர்மானித்தோம். 28 கட்டணம் இரண்டாகச் சுருங்கிற்று.

பனியாற்று விரிகுடாவுக்குள் நாளொன்றுக்கு இரண்டு பெரிய உல்லாசக் கப்பல்களுக்கே அனுமதி உண்டு. 1794இல் வன்கூவர் என்னும் கப்பற் தலைவரின் குழுவினர் வந்தபோது அவ்விரிகுடாவைப் பெரும்பாலும் பனிக்கட்டியே நிறைத்திருந்தது. 1879இல் ஜோன் மியூர் என்னும் இயற்கை அறிஞர் வருமுன் அது 30 மைலுக்கு மேல் பின்வாங்கிவிட்டது. மார்ஜரி பனிக்கட்டியாற்றின் முன் கப்பல் வேகந் தணிந்து நின்று, இருபுறத்தாரும் காணுமாறு மெல்லத் திரும்பியது. அப்போது கப்பலின் காற்றும் ஓய்ந்தது. இரு போர்வைகளுக்குள் அன்னையார் சாய்ந்திருக்க, எம்மில் ஒருவர் அருகிருந்தோம். நீலப் பனிச்சுவரின் ஒரு பகுதி சரிந்து கடலில் வீழ்ந்தது. அவ்வோசையை அந்நிலத்தின் ஆதிக்குடிகளாகிய திலிங்கிற் மக்கள் 'வெண்ணிற இடி' என்பர். அன்னையார் ஒன்றும் பேசவில்லை. கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்து எம் கையைப் பற்றிக்கொண்டார்.

கம்பியோரம் நின்ற மற்றிருவரும் அதே காட்சியைக் காசின்றியே கண்டனர். ஆதலின் நடக்கவும் நிற்கவும் வல்லவர்க்கு இச்செலவு வேண்டுவதில்லை. குளிர்நாட்டுக் கப்பலேறும் குடும்பத்தார், விலை எவ்வளவு என்று கேட்குமுன், அக்கதிரை யாருக்கு, எந்த நாளுக்கு என்று தம்முள் கேட்டுக்கொள்வாராக.