நைட் மோடு

போன மாதம் ஒரு சனிக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு காவலூருக்குப் போயிருந்தேன். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் வைணு பாப்பு வானாய்வகம். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது.

அங்கே இரவெல்லாம் வானத்தைப் பார்க்கிறவர்கள் பகலில்தான் தூங்குவார்கள் என்று பேரனிடம் சொன்னேன். அவன் கேட்டான்: "அப்போ அவங்களுக்கு எது தாத்தா ராத்திரி?"

அந்தக் கேள்வி என்னைப் பல வருடம் பின்னால் இழுத்துப் போய்விட்டது.

என் தொழில் அலுவலகங்களுக்கு இ.பி.ஏ.பி.எக்ஸ். போட்டுக் கொடுப்பது. ரிசப்ஷன் போனிலிருந்தே ரகசிய எண்ணை அடித்து புரோகிராமுக்குள் போக வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தனித்தனி எக்ஸ்டென்ஷனுக்கானது: இவருக்கு எஸ்.டி.டி. உண்டு, அவருக்குக் கிடையாது என்பது போல. இன்னொன்று, மொத்த சிஸ்டத்துக்கும் பொதுவானது. முதல் வகையில் தப்பு செய்தால் மறுநாளே ஒருவர் போன் செய்து திட்டுவார். இரண்டாவதில் தப்பு செய்தால் யாரும் திட்ட மாட்டார்கள். எங்கே தப்பு என்றே யாருக்கும் தெரியாது.

நைட் மோடு அந்த இரண்டாவது வகை. அலுவலகம் மூடிய பிறகு வெளியிலிருந்து வரும் அழைப்பெல்லாம் ரிசப்ஷனுக்குப் போகாமல் வேறொரு எக்ஸ்டென்ஷனில் அடிக்கும். எல்லா இடத்திலும் நான் வைத்தது ஒரே கணக்கு: இரவு எட்டு முதல் காலை ஆறு வரை, வாட்ச்மேன் அறை.

ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலும் அப்படியே வைத்தேன். சில வாரம் கழித்து வேறு வேலையாக அங்கே போனபோது, ரிசப்ஷன் முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். முதல் பஸ்ஸில் வந்தவர். அவர் அப்பா விடியற்காலை மூன்று மணிக்கு இறந்துவிட்டார். "பதினோரு மணியிலேர்ந்து போன் அடிச்சேன் சார், யாருமே எடுக்கலையே. எடுத்திருந்தா ராத்திரியே கிளம்பி வந்திருப்பேனே" என்றார்.

வாட்ச்மேன் கேட்டில் இருந்திருக்கிறார். அவர் அறையில் மணி அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது. மாடியில் நர்ஸ்கள் இரவு முழுக்க விழித்தே இருந்தார்கள். அவர்கள் மேஜையிலும் ஒரு போன் இருந்தது. அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

என் தப்பு என்று அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அன்று மதியமே நர்ஸ் மேஜையிலும் வாட்ச்மேன் அறையிலும் சேர்ந்து மணி அடிக்கும்படி மாற்றினேன். ஐந்து நிமிட வேலை.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை, எந்த இடத்திலும் புரோகிராமுக்குள் போகும் முன் ஒரு கேள்வி கேட்பேன்: "ராத்திரியில இங்க யாருங்க முழிச்சிருப்பாங்க?" சிலர் சிரிப்பார்கள். கேட்காமல் விட்டதில்லை.

காவலூரில் எக்ஸ்சேஞ்ச் போட என்னை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால், அந்த ஆஸ்பத்திரிக்கு முன்னாலேயே அந்தக் கேள்வியைக் கற்றுக்கொண்டிருப்பேன்.