நீங்க கேக்கவே இல்லைங்களே

எங்கள் பங்கின் கிறிஸ்து பிறப்பு விழாக் கலைநிகழ்ச்சிகளைப் பல ஆண்டுகளாகப் பொறுப்பேற்று நடத்தி வருபவன் நான். ஓய்வுபெற்ற ஆசிரியன் ஆகையால், யார் எப்போது மேடையேறுவது, எத்தனை நிமிடம் ஆடுவது என்றெல்லாம் கட்டளையிடுவது எனக்கு இயல்பாகிவிட்டது. அவ்வியல்பினால் நேர்ந்த பிழையொன்றை வாசகர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

திருப்பூர்ச் சாலையில் உள்ளது எங்கள் பங்கு. சுற்றிலும் பனியன் கம்பெனிகளும் விசைத்தறிக் கூடங்களும். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் வந்து நிற்கும் இளைஞர்கள் பலர் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவின் சுந்தர்கர் பகுதியிலிருந்தும் பிழைப்புக்கு வந்தவர்கள். 2022ஆம் ஆண்டு விழாவில் அவர்களுக்கும் இடம் தர வேண்டுமென்று பங்குத்தந்தை விரும்பினார். நானும் பெருந்தன்மையுடன் ஐந்து நிமிடம் ஒதுக்கினேன். நிகழ்ச்சி நிரலில் 'பழங்குடி நடனம்' என்று எழுதினேன். நாடக உடைகள் வாடகைக்குத் தரும் கடையிலிருந்து இறகுக் கிரீடமும் இலைப் பாவாடையும் தருவித்தேன். அவர்கள் மறுப்பேதும் சொல்லாமல் அணிந்து ஆடினார்கள். கூட்டம் கைதட்டியது, நானும் மகிழ்ந்தேன்.

2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. பீகார் அரசு ஒரு குழுவையே திருப்பூருக்கு அனுப்பி விசாரித்தது. அந்நாட்களில் பங்குத்தந்தை என்னை அழைத்து, "நம் பிள்ளைகள் பயந்து போயிருப்பார்கள், பார்த்து வாருங்கள்" என்றார். புறப்பட்ட பின்தான் எனக்கு உறைத்தது. அவர்களுள் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது, தங்குமிடமும் தெரியாது. மேடையேற்றியவன் நானல்லவா!

தேடிச் சென்றது ஒரு லைன் வீடு. ஒரே அறையில் ஆறு பேர். தேநீர் கொடுத்து உபசரித்தார்கள். நான்கு ஆண்டுகள் பனியன் கம்பெனியில் தைத்துத் தைத்தே நம் பக்கத்துத் தமிழைக் கற்றுக்கொண்ட பெண்ணொருத்தி தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"கோவிச்சுக்காதீங்க சார். அந்த இலையும் இறகும் எங்கூர்ல யாரும் போடறதில்லைங்க. செவப்புக் கரை வெச்ச வெள்ளைச் சீலைதானுங்க."

"அப்போதே சொல்லியிருக்கலாமே, அம்மா?"

"நீங்க கேக்கவே இல்லைங்களே, சார்."

அன்று வெகுநேரம் அங்கே அமர்ந்திருந்தேன். அவள் ஒராவோன் இனத்தவள். வீட்டில் பேசுவது குடுக் மொழி. அதுவும் திராவிட மொழிதான் என்று எப்போதோ படித்திருந்தேன். அவள் தன் பல்லைத் தொட்டுக் காட்டி 'பல்' என்றபோதுதான் அது செய்தியாக இல்லாமல் உறவாகப் பட்டது. அவர்களுடைய மண் முழவுக்குப் பெயர் மாந்தர். தமிழில் அச்சொல்லுக்கு மனிதர் என்று பொருள் என்றதும் அறையே சிரித்தது. அவர்கள் ஊரில் மேடை கிடையாதாம். அக்ரா என்னும் திடலில் கைகோத்து ஆடுவார்கள். பார்க்க வந்தவரும் வரிசையில் சேர்ந்துவிடுவாராம்.

2022ஆம் ஆண்டின் குடிபெயர்ந்தோர் நாளுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் தந்த கருப்பொருள், அவர்களோடு சேர்ந்து எதிர்காலத்தைக் கட்டியெழுப்புதல் என்பது. ஆலய அறிவிப்புப் பலகையில் அதை அழகாக எழுதி வைத்தவனும் நானே.

அவ்வாண்டு விழாக் குழுவில் அப்பெண்ணும் மாந்தர் முழக்கும் இளைஞனும் அமர்ந்தார்கள். அவர்கள் முதலில் கேட்டது ஆட்டத்தைப் பற்றியன்று. கூட்டம் கூடும் நேரத்தைப் பற்றி. மாலை ஏழு மணிக்கு ஒத்திகை வைத்தால், ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் எப்படி வருவார்? சனிக்கிழமை சம்பள நாள். ஆகவே ஞாயிறு பிற்பகல் என்று முடிவாயிற்று. நம் ஊர்ப் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் முகம் சுளித்தார்கள். ஞாயிறு உறக்கம் போயிற்றே!

விழா இரவில் ஆட்டம் மேடையை விட்டு ஆலய முற்றத்துக்கு இறங்கியது. மாந்தர் முழங்கியது. முதலில் நம்மவர் நாற்காலியிலேயே இருந்தனர். பின்னர், கும்மியடிக்கக் காத்திருந்த நம் பெண்கள் இருவர் எழுந்து வரிசையில் கைகோத்தனர். வட்டமாக ஆடிப் பழகிய கால்களுக்கு அந்த அடவு அதிகச் சிரமம் தரவில்லை. நான் எழுதிய குடில் நாடகம் அன்று பாதியாகச் சுருங்கிற்று. உண்மையைச் சொன்னால், எனக்கு வருத்தம்தான்.

முழக்கும் இளைஞன் இப்போது நெல் அறுவடைக்கு ஊர் சென்றிருக்கிறான். மண்ணாலானது, உருண்டால் உடைந்துவிடும் என்று எச்சரித்து மாந்தரை என்னிடம் ஒப்படைத்தான். என் வீட்டில் ஆர்மோனியப் பெட்டிக்கு அருகே, பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் அது இருக்கிறது. வரும் ஞாயிறு மூன்று மணிக்கு விழாக் குழு கூடுகிறது. அழைப்பை அப்பெண்தான் எழுதியிருக்கிறாள். தமிழில் இரண்டு பிழைகள் உள்ளன. நான் திருத்தவில்லை.