ஐந்தில் ஒரு இதழ் மட்டும் வேறு

மே மாதம் வந்தால் போதும், இலையெல்லாம் உதிர்த்துவிட்டு உச்சந்தலை வரை சிவந்து நிற்கும் மயில்கொன்றை. குல்மொஹர் என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். ஏதோ ஆதியிலிருந்தே நம்மோடு இருக்கும் மரம் மாதிரிதான் பழகுகிறோம். சொந்த ஊரோ மடகாஸ்கர். அங்கே இது பூப்பது நவம்பர், டிசம்பரில். தென்கோளத்தில் அதுதானே கோடை! பக்கத்து மொரீசியஸில் கிறிஸ்துமஸ் சமயத்து மரமே இதுதான்.

கீழே விழுந்த பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஐந்து இதழ்களில் நான்கு ஒரே சிவப்பு. ஐந்தாவது சற்றுப் பெரிது. வெள்ளையும் மஞ்சளும் கலந்து, மேலே செந்தீற்றல். வாயில் போட்டால் லேசாகப் புளிக்கும். மொட்டைப் பிரித்து, மகரந்தத் தாள்களைக் கொக்கியாக மாட்டி இழுத்து, யாருடைய தலை அறுகிறது என்று சண்டை போடாதவர்கள் இங்கே யார்?

நம் வாதநாராயணன் இதற்கு நெருங்கிய சொந்தம், ஒரே பேரினம். மூட்டுவலிக்கு அதன் இலையைத் தேடுகிறோம். பார்ப்பதற்கு மட்டும் இது. (நியாயமா?)

அழகு சரி, வேர்தான் மோசம். ஆழம் போகாமல் மேலாகவே பரவும். சுவர், நடைபாதை எதையும் விடாது. 2016 வர்தா புயலில் சென்னையில் வேரோடு சாய்ந்தவற்றில் இதுவும் ஏராளம்.

திறந்தவெளி இருந்தால் தாராளமாக நடுங்கள். வீட்டுச் சுவரோரம் மட்டும் வேண்டவே வேண்டாம்.