பன்னீர்த் திராட்சையும் தென்னங்கள்ளும்

பேராவூரணிக்காரனுக்கு மலை பார்க்க ஆசை வந்தால் பாதி நாள் மேற்கே வண்டி ஓட்டியாக வேண்டும். எங்கள் பக்கம் உயரமாக நிற்பது தென்னை ஒன்றுதான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்த அடியில் அதிலும் எத்தனையோ வேரோடு சாய்ந்தன. பிறகு வைத்த கன்றுகள் இப்போதுதான் ஒவ்வொன்றாகப் பாளை விடுகின்றன.

பயண யோசனை மச்சானுடையது. நாசிக்கில் சூலா, பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையடிவாரத்தில் குரோவர் என்று திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒயின் ஆலை வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டி, ஒவ்வொரு வகையிலும் கொஞ்சம் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். செல்போனில் இதையே பார்த்துப் பார்த்து, ஒரு சனி ஞாயிறு போய்வரலாம் என்று ஆரம்பித்துவிட்டார். நாசிக் என்ன சனி ஞாயிறில் போய்த் திரும்புகிற தூரமா? “கம்பத்துல இல்லாத திராட்சையாடா? அங்க போவோம்” என்று முடித்து வைத்தவர் மாமா, மச்சானின் அப்பா. எழுபதைத் தாண்டியவர். ஒயினை வாயில் வைத்ததில்லை, கள் நிறையக் குடித்திருக்கிறார். பார்க்கிற எதையும் கள்ளோடு ஒப்பிட்டுப் பேசும் உரிமை அவருக்கு இருந்தது. கடைசி வரை அதை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

ஆனி மாதம். விடியுமுன் கிளம்பினோம். கீரமங்கலத்தில் பூ மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஆலங்குடி, புதுக்கோட்டை, திருமயம் கோட்டை, திருப்பத்தூர், மேலூர் என்று சாலை ஓடியது. மதுரை நெரிசலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிப்பட்டிக் கணவாய் ஏறி இறங்கியதும் காற்று மாறியது. மேற்குத் தொடர்ச்சி மலை இரண்டு பக்கமும் நெருங்கி வர, மலைக்கு அந்தப் பக்கம் பெய்யும் மழையின் ஈரத்தோடு காற்று வண்டியைத் தள்ளியது.

சின்னமனூர் தாண்டியதும் மாமா வண்டியை நிறுத்தச் சொன்னார். திராட்சை இன்னும் வரவில்லை, அவர் நிறுத்தியது வாய்க்காலைப் பார்க்க. கரை தளும்பத் தண்ணீர், இரண்டு பக்கமும் நாற்றங்கால். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இரு போக நிலம். 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வருகிற தண்ணீர் அது. நாங்கள் கடைமடைக்காரர்கள். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும், கல்லணைக் கால்வாயின் கடைசிக் கிளைகளில் தண்ணீர் எங்கள் ஏரிக்கு வந்து சேர்வதற்குள் ஆடியும் பிறந்துவிடும், வராமலே போன வருஷங்களும் உண்டு. மாமா வாய்க்காலில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு வந்து, “குடுத்து வச்சவனுக” என்றார். அதற்கு மேல் அவர் அரை மணி நேரம் பேசவில்லை.

சுருளிப்பட்டிப் பக்கம் மச்சானுக்குத் தெரிந்த ஒரு விவசாயி தோட்டம். இங்கே திராட்சை பந்தலில் படர்கிறது. வரிசையாகக் கல்தூண், மேலே குறுக்கும் நெடுக்கும் கம்பி வலை, அதன் மேல் கொடி. ஆள் நிமிர்ந்து நடக்க முடியாது, தலையைக் குனிந்தே போக வேண்டும். பந்தலுக்குள் நுழைந்தால் வெயில் காசு காசாகத் தரையில் விழுகிறது. தலைக்கு மேலே கறுநீலக் கொத்துகள், ஒவ்வொரு பழத்தின் மேலும் விரல் பட்டால் அழிகிற வெள்ளைப் பொடி. ஒரு பழம் பிய்த்து வாயில் போட்டேன். தோல் மெல்லியது, உள்ளே விதை, கடித்ததும் மூக்குக்கு ஏறுகிற வாசம். பன்னீர்த் திராட்சை என்று சும்மா பெயர் வைக்கவில்லை.

உலகம் முழுக்க மஸ்கட் ஹாம்பர்க் என்று அறியப்படும் ரகம் இது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 2,000 ஏக்கரில் இருக்கிறது. மற்ற இடங்களில் திராட்சைக்கு ஒரு பருவம்தான். இங்கே ஒரு தோட்டத்தில் கவாத்து வெட்டும்போது அடுத்த தோட்டத்தில் பூ, அதற்கடுத்ததில் அறுவடை. கவாத்து வெட்டினால் ஏறத்தாழ நாலு மாதத்தில் பழம் கைக்கு வரும். வருஷம் முழுக்க லாரி ஏறிக்கொண்டே இருக்கும். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதைப் பற்றிக் கேட்டபோது தோட்டக்காரர், “சர்டிபிகேட் வந்துருச்சுண்ணே, வெலதான் இன்னும் வரல” என்றார்.

பந்தல் ஓரத்தில் மூன்று பிளாஸ்டிக் டிரம் இருந்தன. ஒன்றில் மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீர், ஒன்றில் சுண்ணாம்புப் பால், மூன்றாவது கலப்பதற்கு. மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்தப் போர்டோ கலவை எங்கள் ஊர்த் தென்னந்தோப்பிலும் உண்டு. 1952 புயலுக்குப் பிறகு எங்கள் மாவட்டத்தைப் பீடித்த வாடல் நோய்க்கு ‘தஞ்சாவூர் வாடல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கு மரத்துக்கு 40 லிட்டர் இதே கலவையைத்தான் வேரைச் சுற்றி ஊற்றச் சொல்வார்கள். ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். துத்தத்தைச் சுண்ணாம்பில்தான் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. தோட்டக்காரர் இடுப்பிலிருந்த கவாத்துக் கத்தியை உருவி டிரம்மில் முக்கி எடுத்தார். அலகில் செம்பு நிறம் லேசாகப் படிந்திருந்தது. “சுண்ணாம்பு பத்தல” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். இன்னும் ஒரு குவளை ஊற்றிக் கலக்கி மறுபடி முக்கினார்கள், அலகு சுத்தமாக வந்தது. அதற்கப்புறம் அவர்கள் இரண்டு பேரும் பேசிய பேச்சில் நானும் மச்சானும் வேண்டாத ஆட்கள்.

இந்தக் கலவை பிறந்ததும் ஒயின் நாட்டில்தான். பிரான்சில் போர்டோ பக்கம் சாலையோரத் திராட்சையைப் போகிறவர் வருகிறவர் பறித்துத் தின்னாமல் இருக்க, துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து அசிங்கப்படுத்தி வைப்பார்களாம். அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வரவில்லை என்பதைக் கவனித்த மில்லார்டே என்ற பேராசிரியர் 1885-ல் அதை மருந்தாக எழுதி வெளியிட்டார். திருடனுக்கு வைத்த மருந்து பேராவூரணித் தென்னை வரைக்கும் வந்துவிட்டது. ஒயின்தான் வரவில்லை.

அதைப் பற்றித்தான் மச்சான் கேட்டார். இவ்வளவு திராட்சை இருக்கிறதே, ஆளுக்கொரு சின்ன ஒயின் ஆலை போட்டால் என்ன? தோட்டக்காரர் சிரித்தார். தேனி மாவட்டத்தில் ஒயின் ஆலை இருக்கிறது, பழமும் வாங்குகிறார்கள். ஆனால் மச்சான் வீடியோவில் பார்த்த மாதிரி தோட்டக்காரனே பிழிந்து, ஊறவைத்து, வாசலில் மேசை போட்டு விற்பது இங்கே நடக்காது. ஒயின் தயாரிக்க 2006-ல் அரசு விதிகள் போட்டது. உரிமம் வாங்கித் தயாரித்தாலும் சில்லறையில் விற்கும் கடை டாஸ்மாக்தான். 2003-லிருந்து அப்படி. டாஸ்மாக் வாசலில் முண்டியடிக்கிற கூட்டத்தில் யார் திராட்சை வாசம் பார்த்து ஒயின் கேட்கப்போகிறார்கள்? பழத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பன்னீர்த் திராட்சை தின்பதற்கு உகந்தது. ஒயினுக்கென்றே வளர்க்கும் ரகங்களில் பழம் சிறிசு, தோல் தடிப்பு, இனிப்பும் அதிகம். ஆனால் மெல்லிய தோல் என்பதாலேயே பன்னீர் நாலு நாள் தாங்காது. அறுவடை நேரத்தில் ஒரு மழை பெய்தால் பழம் வெடித்துவிடும், வியாபாரி சொன்னதுதான் விலை. இப்படிப்பட்ட பழத்துக்குத்தான் பக்கத்திலேயே பிழிந்து வைக்க ஒரு சின்ன ஆலை வேண்டும் என்று எனக்குப் படுகிறது. நாசிக்குக்கு ஒரு நியாயம், கம்பத்துக்கு ஒரு நியாயமா என்று மச்சான் கேட்டதில் தப்பில்லை. குடியை வளர்க்கச் சொல்கிறாயா என்று யாராவது கேட்டால், டாஸ்மாக் வளர்த்ததை விடவா என்பதுதான் என் பதில்.

அன்று ராத்திரி ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் சாப்பாடு. எந்த ஊர், யார் வீடு என்று சொல்லப்போவதில்லை. ஏன் என்பது அடுத்த வரியில் தெரியும். சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டம்மா உள்ளேயிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்து, கிறிஸ்துமசுக்குப் போட்டதில் மீந்தது என்று சின்னச் சின்ன டம்ளரில் ஊற்றினார். எப்படிம்மா செய்தீர்கள் என்றதும் கைச்சமையல் சொல்வது போலச் சொன்னார். பழத்தைக் காம்பு கிள்ளிக் கழுவி, ஈரம் போக நிழலில் உலர்த்தி, கையாலேயே பிசைந்து பீங்கான் பரணியில் போட வேண்டும். சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு சேர்த்து, வாய்க்குத் துணி கட்டி, தினமும் மரக்கரண்டியால் ஒரு தடவை கிண்டி விட வேண்டும். மூன்று வாரம் கழித்து வடிகட்டித் தெளியவிட்டால் ஆயிற்று. கோயில் பூசைக்குரிய திராட்சை ரசத்துக்கு அரசு தனி விதிகளே வைத்திருக்கிறது. வீட்டுப் பரணிக்கு அப்படி எதுவும் கிடையாது. குடித்துப் பார்த்தேன். தித்திப்பு தூக்கல், கிராம்பு வாடை, கடைசியில் அந்தப் பன்னீர் வாசம் தொண்டையில் நின்றது. மாமா ஒரு வாய் குடித்து டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “நல்லாருக்கும்மா. காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கலாம்” என்றார். பாராட்டா என்று அந்த அம்மாவுக்குக் கடைசி வரை புரியவில்லை.

ஞாயிறு காலை லோயர் கேம்ப். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்கு 2013-ல் திறந்த மணிமண்டபம் அங்கே இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் டீக்கடை, ஓட்டல், வீட்டுக்கூடம் எங்கே போனாலும் அந்த வெள்ளைக்காரரின் படத்தைப் பார்க்கலாம். தை மாதம் அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படிப் படம் மாட்ட ஆள் கிடையாது. கஜாவுக்குப் பிறகு 2019-ல் ஊர் இளைஞர்களே சேர்ந்து பெரியகுளம் ஏரியைத் தூர்வாரினார்கள், அவ்வளவுதான். மாமா மண்டபத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டார்.

அங்கிருந்து மலை ஏறினால் குமுளி, கேரளம். போவதற்கு முன்பே தீர்மானம் ஆகியிருந்த இடம் அது. அங்கே ஒரு கடை வாசலில் வெள்ளைப் பலகையில் கறுப்பாகக் ‘கள்ளு’ என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. மாமாவுக்கு மலையாளம் தெரியாது, ஆனால் அதை வாசித்துவிட்டார். வண்டி ஓட்டுகிறவன் நான் என்பதால் எனக்குக் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் மட்டும். மாமாவுக்கும் மச்சானுக்கும் வெள்ளைக் கள் பாட்டிலில் வந்தது.

1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. மச்சானுக்கு நினைவு தெரிந்து சொந்த ஊரில் கள் பார்த்ததே கிடையாது. தோப்புக்குச் சொந்தக்காரன், தென்னங்கள்ளை முதல்முதலாகக் குடிப்பது குமுளியில். நீரா இறக்கலாம் என்று பிற்பாடு அரசு அனுமதி கொடுத்தது. அதுவும் புளிக்காமல், உரிமத்தோடு. “இனிப்பா இருந்தா சரக்கு, புளிச்சா குத்தம். பாளைக்குத் தெரியுமாடா சட்டம்?” என்றார் மாமா. பிறகு கள்ளை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, தீர்ப்புச் சொன்னார். மரத்திலிருந்து இறக்கி ரொம்ப நேரம் ஆகிவிட்டதாம். எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரரைக் கேட்டோம். பாலக்காடு, சித்தூர்ப் பக்கமிருந்து வண்டியில் என்றார். கேரளத்தின் பல மாவட்டக் கடைகளுக்கு அங்கிருந்துதான் போகிறது. மாமா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். பாலக்காட்டுக் கள் குமுளிக்கு மலை ஏறி வருகிறது, பேராவூரணித் தென்னைக்காரன் அதைக் குடிக்க அதே குமுளிக்கு இந்தப் பக்கமிருந்து மலை ஏறி வருகிறான். “நடுவுல நம்ம மரம் சும்மா நிக்குது” என்றார். மச்சான் இரண்டாவது பாட்டில் சொன்னார். மாமா வேண்டாம் என்றுதான் சொன்னார், ஆனால் அவர் டம்ளரை நகர்த்தவில்லை.

இறங்கும்போது சோதனைச் சாவடியில் கை காட்டினார்கள். பின் சீட்டில் சுருளிப்பட்டியில் ஏற்றிய திராட்சைப் பெட்டிகள், காற்று போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி. இளம் காவலர் ஒருவர் குனிந்து எட்டிப் பார்த்து, “பாட்டில் ஏதாச்சும் கொண்டு போறீங்களாய்யா?” என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

“திராட்சை மட்டுந்தான் தம்பி. இன்னும் புளிக்கல” என்றார் மாமா.

காவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போகச் சொன்னார். மதுரை வருவதற்குள் ஒரு பெட்டியில் அடிப்பழம் நசுங்கிச் சாறு சீட்டில் இறங்கிவிட்டது. ஊர் போய்ச் சேர்ந்ததும் பரணி ஒன்று வாங்க வேண்டும் என்று மச்சான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.